ஏழு தடவை கழுவிய பிரஷ்

கையில் பவுடர் பிரஷ். எதிரே ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் கொட்டாங்கச்சி நிறையச் செம்மண். அந்தப் புதன்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் இப்படித்தான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். ஆறு தடவை அலசியாகிவிட்டது. ஏழாவது தடவைக்கு மண்ணை அள்ளும்போது என் மாமியார் வந்துவிட்டார். அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏம்மா ஜொகரா, பிரஷ்ஷுக்கு என்னத்துக்கு மண்ணப் போட்டுத் தேய்க்கிற?"

"அழுக்குப் போகல மாமி."

"மண்ணப் போட்டா அழுக்குப் போகுமா, வருமா?"

நல்ல கேள்விதான். பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் மாமி ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். எனக்கு அப்போது வாய் நீளம், புத்தி கட்டை. அன்றைக்கு வாயும் கட்டையாகிவிட்டது. குனிந்த தலை நிமிராமல் மண்ணைத் தேய்த்தேன்.

மாமி செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னமோ போ" என்று உள்ளே போய்விட்டார்.

பாதி சொன்ன உண்மை

போன வாரம் இந்தப் பத்தியில் திண்டுக்கல் உப்புத் தண்ணீரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'எங்கள் ஊரை இப்படியா இழுத்துப் பேசுவது' என்று ஓர் அம்மாள் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, நானும் அந்த ஊர்க்காரிதான். பிறந்தது கடற்கரை ஊர் என்றாலும், நாற்பது வருஷம் அந்தத் தண்ணீரை ஊற்றிக் குளித்த தலை இது. பேச எனக்கு உரிமை உண்டு.

எங்கள் வாப்பா திண்டுக்கல் பூட்டும் சுருட்டும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி. அப்படி வந்துபோன இடத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். பேகம்பூர்ப் பக்கம் வீடு. மாப்பிள்ளை பெயர் காதர். கடைத்தெருவில் பவுடர், சாந்து, ரிப்பன், கண்ணாடி வளையல் விற்கிற சின்னக் கடை. "பையன் சொந்தக் கடை வச்சிருக்கார்" என்று சொன்னார்கள். பொய் ஒன்றும் இல்லை. உண்மையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மீதி உண்மை கல்யாணமான பத்தாம் நாள் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு ஒரு தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். "எங்கே போறீங்க?" என்றேன். "குஜிலியம்பாறையில திருவிழா நாடகம். வேஷக்காரங்களுக்கு மேக்கப்பு நாந்தான். விடியத்தான் வருவேன்" என்றார், மார்க்கெட்டுக்குப் போகிறவர் மாதிரி.

சுற்றுவட்டாரத்தில் அவருக்கு 'மேக்கப் பாய்' என்றுதான் பெயராம். ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. பெண்ணைக் கொடுத்த வாப்பாவுக்கு மட்டும் தெரியாது.

நானும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்றால், எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. விடிந்து வருவார். கண் சிவந்திருக்கும். கன்னத்துக்கு ரோஸ் தடவுகிற பிரஷ்ஷில் மிச்சம் ஒட்டியிருப்பதை என் கன்னத்தில் லேசாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "இப்பப் போயி கண்ணாடியப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார். நான் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் தவறாமல் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இப்போது என்ன போயிற்று.

சேதி எப்படியோ கடற்கரைக்குப் போய்விட்டது. வாப்பாவிடமிருந்து தபால் வந்தது. நாலே வரி. 'வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அங்கே இருப்பேன். நான் கேள்விப்பட்டது உண்மை என்றால், மாப்பிள்ளை நடத்தையும் அந்த லட்சணத்தில் இருந்தால், உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.'

எங்கள் வாப்பா சொன்னால் செய்கிறவர். என் அக்கா ஒருத்தியை அப்படிக் கூட்டிவந்து வீட்டில் வைத்திருந்தார். அவள் திரும்பிப் போகவே இல்லை.

ராஜா போட்ட தும்மல்

பிரஷ் கழுவுகிற வேலை என் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர், பெட்டியை வைத்ததும் தூங்கிவிடுவார். பிரஷ்கள் அரிதாரமும் முத்துவெள்ளைப் பூச்சும் எண்ணெயுமாகப் பிசுபிசுவென்று கிடக்கும். அப்படியே காயவிட்டால் அடுத்த நாடகத்துக்கு விளக்குமாறுதான். பார்க்கச் சகிக்காமல் நானே எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

மொத்தம் பதினோரு பிரஷ். மெட்ராஸில் வாங்கியவை. பவுடர் தட்ட உள்ளங்கை அகலத்தில் ஒன்று, ரோஸுக்கு அதைவிடச் சின்னது ஒன்று, புருவம் தீட்ட அரிசி முனை போல ஒன்று, இப்படி. முதலில் பிரஷ்ஷில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுப் பழைய வேட்டித் துணியில் இழுத்து இழுத்துத் துடைக்க வேண்டும். சாயமெல்லாம் துணியில் இறங்கிவிடும். பிறகு உள்ளங்கையில் பயத்தமாவைக் குழைத்து, அதில் பிரஷ்ஷை வட்டமாகச் சுற்றவேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் முனையை மட்டும் அலச வேண்டும். முடியைப் பிடித்திருக்கும் தகர வளையத்துக்குள் தண்ணீர் போனால் உள்ளே இருக்கிற பசை விட்டுவிடும். அலசிப் பிழிந்து, விரலால் நீவிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, தலைகீழாக நிழலில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரில் அலசினால் முடி விறைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீரோ மாமியின் அறையில் இருக்கும். அறைக்கு மாங்காய்ப் பூட்டு தொங்கும். "மனுசன் குடிக்கத் தண்ணியில்ல, பிரஷ்ஷுக்கு நல்ல தண்ணியா!" என்பார் மாமி. அரிசி களைகிற அலுமினியச் சட்டியில் எனக்கு அளந்து ஒரு செம்பு ஊற்றுவார். அந்தச் சட்டியிலேயே பிரஷ்ஷை அலசுவேன். பிறகு சட்டியைக் கழுவி அரிசி களைவேன். அந்தச் சட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிரஷ்களைச் சுருட்டுப் பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்காது என்று நானே ஒரு யோசனை செய்தேன். அதில் புகையிலைத் தூளும் கொஞ்சம் போட்டேன். செம்பட்டி நாடகத்தில் ராஜா வேஷக்காரர் கொலுவில் உட்கார்ந்து, "மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி..." என்று ஆரம்பித்தவர், 'பொழிகிறதா' என்று முடிப்பதற்குள் பதினாலு தும்மல் போட்டாராம். மந்திரி பாவம், "பொழிகிறது மன்னா, என்மேல்தான்" என்று சமாளித்தாராம். அதோடு சுருட்டுப் பெட்டி இருக்கட்டும், புகையிலை வேண்டாம் என்று ஆயிற்று. பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையே போதும்.

பாக்கியம் அக்கா போட்ட குண்டு

சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பாக்கியம் அக்கா வருவார். நெசவுக்கார வீட்டுப் பெண். கபடம் இல்லாத மனுஷி. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தபோது, கொடியில் தலைகீழாகத் தொங்கிய பிரஷ்களைப் பார்த்தார்.

"என்ன தாயி, வெளவாலு மாதிரி கட்டித் தொங்கவிட்டிருக்க?"

"எங்க வீட்டுக்காரர் பிரஷ்ஷுக்கா."

"இம்புட்டா! ஆமா, நீங்கள்லாம் இதத் தொடுவீகளா?"

"ஏங்க்கா?"

"இல்ல, எங்க வீட்டுக்காரரு கதவுக்குப் பெயிண்டு அடிக்க மெட்ராஸ் பிரஷ்ஷு ஒண்ணு வாங்கியாந்தாரு. கடைக்காரனே சொன்னானாம், பன்னி முடியில செஞ்சது, நல்லா ஒழைக்கும்னு. அதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மூட்டையை அவிழ்த்தார். என்ன சேலை காட்டினார், என்ன நிறம், ஒன்றும் என் கண்ணில் படவில்லை. எனக்குக் கண்ணெதிரே தெரிந்ததெல்லாம் அந்த அலுமினியச் சட்டிதான்.

யா அல்லாஹ்! எத்தனை நாள்! பிரஷ் அலசிய சட்டியில் அரிசி களைந்து, அந்தச் சோற்றை மாமி சாப்பிட்டு, எழுந்துபோய்த் தொழுதிருக்கிறார். ஐந்து வேளை தவறாத மனுஷி. நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ரோஸ் பிரஷ் என் கன்னத்தில் பட்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்து வாப்பா வேறு வருகிறார். நாடகம் என்றாலே முகம் சுளிக்கிறவர் காதில் இது விழுந்தால், வண்டியை விட்டுக்கூட இறங்க மாட்டார்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தொழிலை விட்டுவிட்டால் அவர் முகம் வாடிப்போகும். விடமாட்டேன் என்று சொன்னாலோ, அவரோடு நான் எப்படி இருப்பேன்? இரண்டும் பயமாக இருந்தது. அதனால் நானே வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் கடற்கரைப் பக்கம் அப்படிப்பட்ட அசுத்தம் பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவவேண்டும் என்று உம்மா சொல்லி வளர்த்திருந்தார். மாமி வீட்டு வழக்கத்தில் மூன்று தடவைதான். எனக்கு மூன்றில் மனசு ஆறவில்லை. பட்ட சாமானைத்தானே கழுவச் சொன்னார்கள், சாமானே அதுவாக இருந்தால் கழுவி என்ன பிரயோஜனம் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. சட்டியை ஏழு தடவை கழுவினேன். பிறகு பதினோரு பிரஷ்ஷும் ஏழு தடவை. தகர வளையம், நல்ல தண்ணீர், நிழல் எல்லாம் காற்றில் போயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல ஆயிற்று என் காரியம்.

நெறநெறத்த ராஜா

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேடசந்தூருக்கு நாடகத்துக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை காலையில் வந்தார். சைக்கிளைச் சாத்திய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஜொகரா, எம் பிரஷ்ஷ என்ன செஞ்ச?"

நான் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைப் பெருக்க ஆரம்பித்தேன்.

"ராஜா மூஞ்சியில பவுடரத் தட்டுனா நெறநெறன்னு மண்ணு. முடி கொத்துக் கொத்தாக் கழண்டு மீசைப் பசையில ஒட்டுது. 'ஏன் பாய், மூஞ்சிக்குப் பவுடர் போடுறீகளா, செவுத்துக்குப் பூச்சு பூசுறீகளா'ன்னு கேக்குறாரு. அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாங்க. பத்து வருசத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல என்னைய!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்ல வேண்டியதுதான்! நீங்க எதால மூஞ்சி பூசுறீங்கன்னு தெரிஞ்சா இன்னமும் சொல்வாங்க!" என்று கத்திவிட்டு, பாக்கியம் அக்கா சொன்னதை அழுகையும் விக்கலுமாகக் கொட்டித் தீர்த்தேன்.

அவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது ஜொகரா. சத்தியமாத் தெரியாது. நான் கேட்டு வாங்கல" என்றார். பிறகு பெட்டியை இழுத்து மூடினார். "அப்படின்னா இது வேணாம். விட்டுர்றேன். கடை இருக்கு, போதும்."

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பெட்டியின் மேல்மூடியைத் துடைத்தார். விடப்போகிற பெட்டியைத் துடைக்கிறார்.

கதவோரம் மாமி நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். திட்டப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நிதானமாக வந்தது. "மூத்தவன் வரட்டும். அவன் பாக்காத தோலா, முடியா? அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாதீக."

மண்டிக்காரர் தீர்ப்பு

மூத்த மச்சான் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். தோல் மண்டியில் இருபது வருஷமாகத் தோலைத் தரம் பிரிக்கிறவர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாடை வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரை உட்காரவிடாமல் மாமி பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

அவர் ஒன்றும் அவசரப்படவில்லை. பவுடர் பிரஷ்ஷை எடுத்தார். ஒரு முடியைப் பிடுங்கினார். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். தண்ணீரில் நனைத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்து நுனியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ சொன்னா இத பன்னின்னு?"

"சின்னாளபட்டிக்கார அக்கா" என்றேன், சத்தம் வராமல்.

"பெயிண்டு பிரஷ்ஷ வச்சுச் சொல்லியிருக்கும். ஏலே காதரு, இங்கிட்டு வா. நீயும் வாம்மா. நுனியப் பாருங்க. ஊசி மாதிரி கூம்பிக்கிட்டே போகுதா? ஒத்த நுனிதான? நனைஞ்சதும் தொவண்டு போச்சா? இது வெள்ளாட்டு மசுரு. பன்னி மசுருன்னா வெறப்பா நிக்கும், நுனி ரெண்டா மூணாப் பிரிஞ்சிருக்கும். பிரஷ் கம்பெனிக்காரன் நம்ம மண்டிக்கு வந்துதான ஆட்டு மசுரு வாங்கிட்டுப் போறான். அவன் சொல்லிக் குடுத்தது. யாரு கண்டா, இது நம்ம ஊரு ஆடாவே இருக்கும்!"

பதினோரு பிரஷ்ஷையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். புருவப் பிரஷ் மட்டும் அணிலாக இருக்கலாம் என்றார். மற்றதெல்லாம் ஆடு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது; சிரித்த சிரிப்பில் எனக்குத் திரும்பவும் அழுகை வந்துவிட்டது.

"செத்த ஆட்டுக்கு ஏழு தடவ குளிப்பாட்டுன ஒரே பொம்பளை நீதாம்மா" என்றார் மூத்த மச்சான். "சரி, பசிக்குது. என்ன வெஞ்சனம்?"

அதற்கப்புறம் அவர் கண்ணை மூடி மௌத்தாகும்வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏழு தடவை எங்க?' என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்.

ஒருநாள் முன்னால் வந்த வண்டி

சாப்பிட்டதும் என் வீட்டுக்காரர் தூங்கக்கூடப் போகவில்லை. பின்கட்டில் பிரஷ்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மாமி தானாகப் போய்ப் பூட்டைத் திறந்து, ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் இறக்கினார். "இந்தா, ஆட்டு முடிக்கு உப்புத் தண்ணி ஆகாது" என்றார். அந்த வீட்டில் அதுவரை நடக்காத அதிசயம் அது.

மண் ஏறிய பிரஷ்ஷைத் திருத்துவது சாமானிய வேலையில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். முடியை ஒரு பக்கம் சாய்த்து, விரல் நுனியால் பிரித்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மண்ணை இறக்கினார். ஒரு முடிகூட இழுபடாமல் பார்த்துக்கொண்டார். பயத்தமாவைக் குழைத்தார், சுற்றினார், அலசினார், திரும்பவும் விரித்துப் பார்த்தார். கழன்ற முடியைத் தனியே எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார்.

நாலாவது பிரஷ்ஷை முடித்தபோது வாசலில் குதிரை வண்டி நின்றது. வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்த வாப்பா வியாழக்கிழமையே வந்து நிற்கிறார்! சொன்ன நாளில் வந்தால் வீட்டைத் துடைத்து வைத்திருப்பார்கள் என்று ஒருநாள் முந்தி வந்தாராம். வியாபாரி புத்தி.

குடையை ஊன்றிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்கு வந்தார். கையெல்லாம் மாவு நுரையாக, சுற்றிலும் சாயத் துணியும் பிரஷ்ஷுமாக மாப்பிள்ளை. ஒளிக்க ஓர் இடமில்லை. அவர் பதறி எழுந்து ஸலாம் சொன்னார்.

வாப்பா ஸலாமை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வேலைய முடிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாமி போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். மீதி ஏழு பிரஷ்ஷும் முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். ராத்திரி சாப்பிட்டதும் போய்ப் படுத்துவிட்டார். ஒரு கஷ்டம் விலகியது, இன்னொன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நான் படுத்தேன்.

தொப்பி

வெள்ளிக்கிழமை காலை வாப்பா குளித்துவிட்டு, பெட்டியிலிருந்து தன் சிவப்புத் துருக்கித் தொப்பியை எடுத்து வைத்தார். கூடவே அதைத் துடைக்கிற பிரஷ்ஷையும் வைத்தார். கறுப்புக் கைப்பிடி, கொழும்பில் வாங்கியது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜும்ஆவுக்கு முன்னாலும் அந்தப் பிரஷ்ஷால் தொப்பியைத் துடைத்துத்தான் போட்டுக்கொள்வார். நாங்கள் யாரும் அதைத் தொடக்கூடாது.

அவர் சட்டை போட உள்ளே போனார். நான் ஏன் அந்தப் பிரஷ்ஷை எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. முதல் நாள் கற்ற பாடம் கையை அரித்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நுனியைப் பார்த்தேன்.

விறைப்பான முடி. நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. சிலது மூன்றாக.

அடுக்களைக்கு ஓடி என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"இத்தனை வருஷம் இந்தத் தொப்பியோடயா வாப்பா..." முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"அழாத. காஞ்சதுல காஞ்சது பட்டா ஒண்ணுமில்லைன்னு பள்ளிவாசல் அஜ்ரத் சொல்லியிருக்காரு. தொப்பி நனையல, பிரஷ்ஷும் நனையல. மாமா தொழுகைக்கு ஒரு கொறையும் இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா மாமாக்கிட்ட சொன்னா, அவரு மனசு ஆறாது. நாம ஏழு நாளாக் கெடந்து அழுதாலும் ஆறாது. இரு, வாரேன்."

நேற்று அவ்வளவு பாடுபட்டுத் திருத்திய பிரஷ்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். அது ரோஸ் பிரஷ். என் கன்னத்துப் பிரஷ்.

"மாமா, தொப்பிய நான் தொடைச்சுத் தரட்டுமா?"

வாப்பா யோசித்தார். யாரையும் தொடவிடாத தொப்பியை எடுத்து நீட்டினார். இவர் அதை இடது கை முஷ்டியில் கவிழ்த்துப் பிடித்து, ஒரே திசையில், மேலிருந்து கீழாக, முகத்துக்குப் பவுடர் தட்டுவது போலவே தடவினார். தூசி ஒரு பொட்டு இல்லாமல் போயிற்று. "மெத்துன்னு இருக்கே" என்றார் வாப்பா, பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்து. "வெள்ளாட்டு முடி மாமா. நீங்களே வச்சுக்கங்க" என்றார் இவர்.

ஜும்ஆ முடிந்து வந்ததும் வாப்பா பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். "என் பழைய பிரஷ் எங்க புள்ள?"

"கைதவறி அடுப்புல விழுந்து எரிஞ்சிருச்சு வாப்பா."

என்னையே பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். "போகட்டும்" என்றார். அது அப்போது முருங்கை மரத்தடியில் முழ ஆழத்தில் கிடந்தது.

பெட்டியைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தார். "கேள்விப்பட்டது உண்மைதான். நாடகக்காரனுக்கு மூஞ்சி பூசுற வேலைதான். எனக்குப் பிடிக்கல. ஆனா நேத்து உக்காந்து பார்த்தேன். ஒரு முடிக்கும் நோகாம அலசுறாரு. கோபக்காரனுக்கு அந்தக் கை வராது. உன் அக்கா மாப்பிள்ளைக்கு அந்தக் கை இல்ல." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நீ இங்கேயே இரு."

வண்டி தெரு திரும்புகிறவரை நின்றேன். உள்ளே வந்ததும் மாமியின் மடியில் விழுந்தேன். "அடிப் பைத்தியமே" என்று அவர் என் தலையைத் தடவினார்.

மிச்சம் ஒரு வார்த்தை

ஏழெட்டு வருஷம் கழித்து, வாப்பா உடம்பு சரியில்லாமல் வைத்தியத்துக்காக எங்கள் வீட்டில் வந்து ஒரு மாதம் இருந்தார். அதற்குள் அவரே அக்கம்பக்கத்தில் "மாப்பிள்ளை மேக்கப்புல கெட்டிக்காரர்" என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஒரு மத்தியானம் நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணை மூடியபடியே கேட்டார்.

"ஜொகரா, அன்னைக்கு என் பிரஷ் அடுப்புல விழலதானே?"

நான் பிடித்த கையை எடுக்கவில்லை.

"முடி எரிஞ்சா தெருவே நாறும் புள்ள. அன்னைக்கு உங்க வீட்டுல நெய்ச்சோத்து வாசம்தான் வந்துச்சு."

"வாப்பா..."

"கொழும்புல வாங்கும்போதே பக்கத்துல நின்னவன் ஒரு வார்த்தை சொன்னான். காதுல விழாத மாதிரி வந்துட்டேன். நல்ல பிரஷ்ஷு, விடவும் மனசில்ல. இருபது வருஷம் யாருக்கிட்டயும் கேக்கல. கேட்டா தெரிஞ்சிரும்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் இரண்டே நாள் சுமந்து அப்படித் தவித்ததை, இந்த மனுஷர் இருபது வருஷம் தலையில் சுமந்திருக்கிறார். அஜ்ரத் சொன்னதைச் சொன்னேன். காய்ந்ததில் காய்ந்தது பட்டால் ஒன்றுமில்லை என்றேன். அவர் நெற்றிச் சுருக்கம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"புதைச்சியா?"

"முருங்கை மரத்தடியில வாப்பா."

"கையக் கழுவுனியா?"

"ஏழு தடவை. ஒரு தடவை மண்ணு போட்டு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் எழுந்து அடுக்களைக்குப் போவதற்குள் குறட்டைச் சத்தம் கேட்டது.